மக்ரான் கரைவழிச் சாத்துக்களும் மீனவர் ஊர்களும்: விருந்தினர் எழுதிய வரலாறு பற்றிய சில குறிப்புக்கள்

வணிகர் கூட்டமாகச் சேர்ந்து செல்லும் நெடுவழிப் பயணத்தைக் குறிப்பதற்குத் தமிழில் சாத்து என்னும் தொன்மையான சொல்லொன்று உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரினைக் கொண்டிருந்தமை அத்தகைய கூட்டங்களை நடத்தியோர் சமூகத்திற் பெற்றிருந்த உயர்நிலையைக் காட்டும். சாத்தினை நடத்தியவனின் பெயர் காப்பியத்தில் நிலைத்துவிட்டது. ஆயின் அச்சாத்து இரவிலே தங்கிய ஊர்களையும், அவ்வூர்களில் நீர் இறைத்துக் கொடுத்தோரையும், மீனும் கள்ளும் வழங்கியோரையும் பற்றி நாம் அறிந்தவை சிலவே. சிறுபாணாற்றுப்படை போன்ற நூல்கள் எயிற்பட்டினத்துப் பரதவர் பாணரை வரவேற்றவாற்றைக் கூறுகின்றன என்பது உண்மையே. எனினும் அவையும் விருந்தினரின் வாய்மொழியாகவே அமைந்தவை. விருந்தளித்தவரின் கூற்று எங்கே என்ற வினா அங்கும் எழவே செய்கிறது.

இவ்வினாவை மனத்திற்கொண்டு, பாக்கிஸ்தானின் தென்மேற்கிலும் ஈரானின் தென்கிழக்கிலும் அரபிக்கடலை நோக்கிக் கிடக்கும் மக்ரான் கரையை ஈண்டு நோக்க முற்படுகின்றோம். உலகின் மிகத் தனித்த கரைகளுள் ஒன்றாகப் பயணநூல்கள் இதனைச் சித்திரித்துள்ளன. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கரைவழியே சென்றோர் பலர் அதுபற்றி எழுதியிருக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றிக் கூறியது ஏறத்தாழ ஒன்றே: வறியோர், மீனன்றி வேறுணவு அறியாதோர், விலங்கினும் சற்றே மேலானோர். இக்கூற்று எவ்வளவிற்கு உண்மையானது, யாருடைய நிலையினின்று நோக்கும்போது அது உண்மையாகத் தோன்றியது என்பதே எமது வினா.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கராச்சியிலிருந்து மேற்கே செல்பவர் லாஸ்பேலாச் சமவெளியைக் கடந்து ஹிங்கோல் ஆற்றினை அடைவர். அதற்கப்பால் மலான் மலைத்தொடர் கடலுக்குள் நேரே இறங்குகின்றது. கரையோரமாகவே நடந்துசெல்ல வழியின்மையால் பயணக் கூட்டங்கள் அவ்விடத்தில் உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பவேண்டியிருந்தது. ஓர்மாரா, பஸ்னி, குவாதர், ஜிவானி என மேற்கு நோக்கிச் செல்லும் மீனவர் ஊர்கள் குறுகிய மணற்கழுத்துக்களிலும் விரிகுடா முனைகளிலும் அமைந்தவை. கரைக்குப் பின்னால் வறண்ட களிமண் மலைகள். அம்மலைகளுக்குப் பின்னால் கிழக்கு மேற்காக ஓடும் கேச் பள்ளத்தாக்கு. அங்கே கணக்கற்ற பேரீச்சை மரங்கள். இந்த இரு நிலங்களுக்கும் இடையிலான உறவினை மறந்துவிட்டுக் கரையினை மட்டும் நோக்கியதே பயணிகள் பலர் செய்த அடிப்படைத் தவறு எனலாம்.

இக்கரைபற்றிய மிகப் பழைய விரிவான சான்று கி.மு. 325ஆம் ஆண்டுக்குரியது. சிந்துவின் கழிமுகத்தினின்று பாரசீகம் திரும்பிய அலெக்சாந்தர் தாம் தரைவழியே செல்ல, நெயார்க்கசின் தலைமையில் ஒரு கப்பற்படையைக் கடல்வழியே அனுப்பினார். தரைப்படை கரையோரத்திற் கிணறு தோண்டியும் உணவு சேர்த்தும் வைக்க, கப்பற்படை அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பது திட்டம். தென்மேற்குப் பருவக்காற்றின் தன்மையை அறியாது வகுக்கப்பட்ட திட்டமிது. காற்றின் எதிர்ப்பினால் கப்பல்கள் கராச்சிப் பகுதியிலேயே இருபத்து நான்கு நாட்கள் முடங்கின. தரைப்படையும் கப்பற்படையும் ஒன்றையொன்று காணாமலே மக்ரானைக் கடந்தன. படையொடு பின்சென்ற பெண்களும் குழந்தைகளும் சுமை விலங்குகளும், ஓர் ஓடையருகே தங்கிய இரவில் மலையில் பெய்த மழையாற் பெருகிய திடீர் வெள்ளத்தில் அழிந்தனர். பசியாலும் தாகத்தாலும் இறந்தோர் தொகை குறித்துப் பிற்கால நூல்கள் தரும் எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. அவற்றை இங்கே எடுத்தாள நாம் விரும்பவில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆரியன், படையில் உடன்சென்றோரின் பழைய குறிப்புக்களைப் பயன்படுத்தியவர். அவர் தரும் இரு செய்திகளை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. முதலாவது: கரையில் நீரும் துறைமுகமும் உண்டா எனப் பார்த்துவரத் தோவாஸ் என்னும் தலைவன் அனுப்பப்படுகின்றான். அவன் கண்டவை சிப்பிகளால் எழுப்பி மீன் முள்ளெலும்புகளாற் கூரையிட்ட புழுக்கமான குடிசைகள். கடலோரப் பருமணலைத் தோண்டிச் சிறிதளவு நீர் எடுக்கும் மீனவர் சிலர். அந்நீரும் எப்போதும் இனிப்பதில்லை. இழிவுக் குறிப்புடனேயே இச்செய்தி கூறப்படுகின்றது. இரண்டாவது: பின்னர் வழிகாட்டிகளே வழிதவறி, மணலில் அடையாளங்கள் யாவும் மறைந்துவிட்ட நிலையில், அலெக்சாந்தர் சில குதிரைவீரரோடு இடப்புறமாகத் திரும்பிக் கடலை அடைகின்றார். அங்கே பருமணலைத் தோண்டியபோது நன்னீர் கிடைக்கின்றது. ஏழு நாட்கள் முழுப்படையும் அவ்வாறு கரையிலே தோண்டிய நீரைக்கொண்டே நடந்தது.

இவ்விரு செய்திகளையும் ஆரியன் தொடர்புபடுத்தவில்லை. ஆயினும் படையினைக் காத்த அவ்வழி, தோவாஸ் இழிவாக நோக்கிய மீனவர் நாள்தோறும் கையாண்ட வழியே என்பது வெளிப்படை. மலைப்பக்கத்து ஓடைகளிற் பெய்யும் அருமழை மண்ணுக்குள் இறங்கிக் கடலை நோக்கி நகர்கின்றது. உவர்நீரிலும் அடர்த்தி குறைந்த நன்னீர் அதன்மீது மெல்லிய படையாக மிதக்கின்றது. ஆழமின்றித் தோண்டினால் நன்னீர். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உவர்நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதிகளிலும் கிணற்றோடு வாழ்ந்தோருக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. அறிவியல் நூல்களில் இது எழுதப்படுவதற்கு முன்பே மக்களின் கைகளில் இருந்த அறிவு இது.

நெயார்க்கசின் கடற்பயணத்தைப் பற்றிய பகுதி இன்னும் செறிவானது. இக்கரை மக்களுக்குக் கிரேக்கர் சூட்டிய பெயர் மீனுண்போர் என்பதாகும். ஒரு மக்கட்கூட்டத்தினை அதன் மொழியாலோ குலத்தாலோ அன்றி அதன் உணவாற் பெயரிடுவது, அவ்வுணவினை உண்ணாதார் நோக்கில் அமைந்த செயல். ஆனால் அதே பகுதி, கவனமாகப் படிப்போருக்கு ஓர் உற்பத்தி முறையின் விவரங்களையும் தருகின்றது. படகிற் சென்று மீன்பிடித்தோர் சிலரே. பெரும்பாலோர் பேரீச்சை நாரினாற் பின்னிய வலைகளை இட்டு, நீர் வற்றும் வேளையில் தேங்கிய மீனை எடுத்தனர். மென்மீனைப் பச்சையாகவே உண்டனர். பெருமீனை வெயிலில் உலர்த்தி, இடித்து மாவாக்கி, அப்பமாகச் சுட்டனர். புல் இல்லாமையால் ஆடுமாடுகளும் உலர்மீனையே உண்டன. அவ்வாட்டின் இறைச்சி மீன் நாற்றம் வீசிற்று என்று நெயார்க்கஸ் முகஞ்சுளிக்கின்றார். செல்வர் கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புகளால் வீடு கட்டினர், அதன் தாடையெலும்பு கதவுநிலை ஆயிற்று. வறியோர் சிறுமீன் முட்களாற் கட்டினர். மீனவர் யாவரும் ஒரே தரத்தினர் என்று கருதியவரின் குறிப்பிலேயே செல்வர், வறியர் என்னும் பிரிவு வெளிப்பட்டு நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, இக்கட்டுரைக்கு மையமான நிகழ்ச்சிக்கு வருவோம். உணவு தீர்ந்த நிலையில் நெயார்க்கசின் கப்பல்கள் ஒரு சிற்றூரை அடைகின்றன. ஊர்மக்கள் மட்கலத்திற் சுட்ட சூரைமீனும் சில அப்பங்களும் பேரீச்சம் பழமும் கொண்டுவந்து விருந்தாக அளிக்கின்றனர். நெயார்க்கஸ் நன்றி கூறி, ஊரைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லுகின்றார். மக்கள் இசைகின்றனர். வாயிலினுள் நுழைந்ததும் உடன்வந்தோர் வாயிலைக் கைப்பற்ற, அவர் மதிலேறி அடையாளங் காட்டுகின்றார். கப்பலில் ஆயத்தமாக இருந்த ஆர்க்கியாசின் வீரர் கரையிறங்குகின்றனர். தானியத்தைத் தராவிடில் ஊர் அழிக்கப்படும் என்று மொழிபெயர்ப்பாளன் வாயிலாக அறிவிக்கப்படுகின்றது. தானியம் இல்லையென மறுத்து மதிலைத் தாக்கிய மக்கள், மதில்மேல் இருந்தோரின் அம்புகளால் அடங்கி, இருப்பதை எடுத்துக்கொண்டு ஊரை அழிக்காது செல்லுமாறு வேண்டுகின்றனர். வீடுகளைச் சோதித்தபோது கிடைத்தது பெரும்பாலும் உலர்மீன் மாவு. கோதுமையும் வாற்கோதுமையும் சிறிதளவே இருந்தன. ஏனெனில், அவர்கள் மீனையே உணவாகவும் தானிய அப்பத்தினைக் கறியைப்போலத் தொட்டுக்கொள்ளவும் பயன்படுத்தினர்.

இதனைப் போர்த்தந்திரமாகப் பாராட்டிய வரலாற்றாசிரியர் உளர். பட்டினியில் வாடிய மாலுமிகளின் நிலையையும் நாம் மறுக்கவில்லை. ஆயின் கோதுமை எங்கிருந்து வந்தது என்று அவருள் எவரும் வினவியதாகத் தெரியவில்லை. மழையற்ற அக்கரையில் கோதுமை விளைவதரிது. அது உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து மீனுக்கு மாற்றாகவே வந்திருக்கவேண்டும். அங்ஙனமாயின் அச்சிற்றூர் உலகினின்று துண்டிக்கப்பட்ட ஒன்றன்று. அதற்கும் மலைக்கப்பாலுள்ள உழவர்க்கும் இடையே ஒட்டகமோ கழுதையோ சென்றுவந்தது. கொள்ளையடிக்கப்பட்டது அப்பண்டமாற்றின் பயனாக ஓராண்டுக்குச் சேர்த்துவைத்த இருப்பு.

தொல்லியல் இவ்வனுமானத்திற்கு அரண் செய்கின்றது. ஈரானிய எல்லையருகே சுத்காகன் தோர், பஸ்னிக்கு வடக்கே சோத்கா கோ ஆகிய ஹரப்பா நாகரிகக் காலக் குடியிருப்புக்கள் கடலிலிருந்து உட்செல்லும் பள்ளத்தாக்கு வழிகளில் அமைந்துள்ளன. முன்னையது 1875இல் மொக்லர் என்பவராற் கண்டறியப்பட்டது. பின்னையதனை ஜோர்ஜ் டேல்ஸ் 1960இல் வெளிக்கொணர்ந்தார். கடலினின்று நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள ஹரப்பா நகரத்திலேயே கடல்மீனின் எலும்புகள் கிடைத்துள்ளன. உப்பிட்டு உலர்த்தாது அம்மீன் அங்கு சென்றிருக்கமுடியாது. அலெக்சாந்தரின் படைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே கருவாட்டுச் சாத்துக்கள் இருந்தன என்பதே இதன் பொருள்.

இச்சாத்துக்கள் அண்மைக்காலம்வரை நீடித்தமையைப் பிரித்தானிய ஆட்சிக்காலக் குறிப்புக்களும் பின்வந்த மானிடவியலாளரின் ஆய்வுகளும் காட்டுகின்றன. பயணநூல்கள் பெரிதும் கவனியாத, நம்மைப் பொறுத்தவரை இக்கரையின் மிக முக்கியமான பயணம் இதுவே. வைகாசி கழிந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது கடல் மூடிவிடும். அதே காலத்திற் கேச் பள்ளத்தாக்கிற் பேரீச்சை பழுக்கின்றது. மீனவர் குடும்பங்கள் உலர்மீனை ஒட்டகங்களில் ஏற்றி உள்நாடு செல்லும். அறுவடையில் உதவி, பழத்தைக் கூலியாகவும் மாற்றாகவும் பெற்றுக் கடல் திறக்கும்போது கரை மீளும். கரையில் விருந்தளிப்போர் பேரீச்சைத் தோப்பில் விருந்தினராயினர். வடகீழ்க் காற்றுக் காலத்தில் ஒரு கரைக்கும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மறுகரைக்கும் பெயர்ந்து வாடி அமைக்கும் நமது நாட்டுக் கடற்றொழிலாளரின் வாழ்க்கையை அறிந்தோர் இப்பெயர்ச்சியின் இயல்பினை எளிதில் உணர்வர். காற்றே நாட்காட்டியாக அமைந்த வாழ்வு இரு கடல்களுக்கும் பொது.

எனினும் இவ்வுறவினைச் சமத்துவமான ஒன்றாகக் கற்பனை செய்துவிடலாகாது. மக்ரானில் மேத் எனப்படும் மீனவர் சமூக அடுக்கிற் கீழ்நிலையிலே வைக்கப்பட்டோர். கேச் பள்ளத்தாக்கின் நிலமும் நீரும் கிச்கி முதலிய ஆளுங்குலத்தாரின் கையில் இருந்தன. கரையிலோ, வலைக்கும் படகிற்கும் முற்பணம் கொடுத்த வணிகர் மீனின் விலையைத் தாமே தீர்மானித்தனர். கடன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. நம் கரைகளில் சம்மாட்டிமாருக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. சுறாச்சிறகும் மீன்பள்ளையும் பம்பாய் வழியாகச் சீனம் சென்றன. உப்பிட்ட மீன் கராச்சி வழியாகக் கொழும்பிற்கு வந்தது. புறக்கோட்டைக் கருவாட்டுக் கடைகளில் மலையகத்திற்கும் வடக்கிற்கும் மூட்டை கட்டப்பட்ட கருவாட்டில் ஒரு பகுதி மக்ரான் கரையிலே உலர்ந்தது என்பதை உண்டோர் அறிந்திரார். நாமும் ஒருவகையில் மீனுண்போரின் விருந்தினராக இருந்திருக்கிறோம்.

அராபியர் காலத்தை விரைந்து கடந்துசெல்லலாம். 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வந்த படையின் தூதன் கலீபா உமரிடம் அந்நாட்டைப் படை நடத்தத் தகாத, நீரற்ற நாடென எடுத்துரைத்ததாகத் தபரியின் வரலாறு கூறுகின்றது. ஆனால் 10ஆம் நூற்றாண்டின் புவியியலாளர் அதே நாட்டிலிருந்து சர்க்கரை ஏற்றுமதியானதையும் தீஸ் துறைமுகத்தின் செழிப்பையும் பதிவுசெய்தனர். படைவீரன் கண்ட நாடு வேறு, வணிகன் கண்ட நாடு வேறு.

19ஆம் நூற்றாண்டில் இக்கரைவழி புதியதொரு தேவைக்கு உட்பட்டது. இலண்டனையும் இந்தியாவையும் இணைக்கும் தந்திக்கம்பி கராச்சியிலிருந்து குவாதர்வரை கரையோரமாக 1863இல் அமைக்கப்பட்டது. 1864இல் அங்கிருந்து பாரசீக வளைகுடாவிற்குக் கடலடிக் கம்பி இடப்பட்டது. கம்பியைக் காப்பதற்காகக் குலத்தலைவர்க்கு ஆண்டுதோறும் பணம் வழங்கப்பட்டது. கம்பி சென்ற ஊர்களின் மீனவர்க்கு அதனால் விளைந்தது தலைவர்களின் வலிமை மேலும் பெருகியமையே. குவாதரோ 18ஆம் நூற்றாண்டின் இறுதிமுதல் 1958இற் பாக்கிஸ்தானுக்கு விற்கப்படும்வரை மஸ்கற் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அலெக்சாந்தரின் வழியைத் தேடி ஹோல்டிச்சும், தமது இறுதி ஆண்டான 1943இல் ஓரல் ஸ்ரைனும் இப்பகுதியை நுணுகி ஆராய்ந்தனர். அவர்தம் நிலவியல் அறிவு போற்றத்தக்கது. ஆயின் அவர்கள் தேடியது பெரும்பாலும் மாண்டவொரு படையின் அடிச்சுவடுகளையே.

வேறு வகையான ஒரு சாத்தினையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஹிங்கோல் ஆற்றருகேயுள்ள ஹிங்லாஜ் தேவியின் குகைக்குச் செல்லும் யாத்திரிகர் கராச்சியிலிருந்து ஒட்டகக் கூட்டமாகப் பல நாட்கள் நடந்தனர். அவதூதர் என்ற புனைபெயரில் எழுதிய வங்க எழுத்தாளரின் பயணநூலும், அதனைத் தழுவி 1959இல் வெளிவந்த திரைப்படமும் அதனை வங்காளத்திற் பரவலாக அறியச்செய்தன. யாத்திரிகர் இந்துக்கள், ஒட்டகமோட்டிகளும் கிணறு காட்டியோரும் முஸ்லிம்கள். அவ்வூர் முஸ்லிம்கள் அத்தலத்தை நானி என்று, பாட்டியை விளிப்பதுபோல், அழைக்கின்றனர். வழியிலுள்ள சந்திரகுப் சேற்றெரிமலையில் யாத்திரிகர் தேங்காய் இடுவதுண்டு. தென்னை செழித்த நாட்டினரான எமக்கு இது வியப்பாகவே உள்ளது. மக்ரானின் வடக்கே கலாத் மேட்டுநிலத்தில் திராவிட மொழியாகிய பிராகூயி பேசப்படுவதைச் சுட்டி, இக்கரையினையும் பண்டைத் திராவிடக் கரையாகக் காண விழைவோர் நம்மிடையே உளர். கரையில் வழங்குவது ஈரானிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்த பலூச்சியே. பிராகூயி அங்கே எஞ்சி நின்றதா, பின்னர் குடிபெயர்ந்து சென்றதா என்பதிலேயே மொழியியலாளர் உடன்படவில்லை. அம்மக்களை மதிப்பதற்கு அவர்கள் நமது உறவினராக இருக்கவேண்டும் என்பதில்லை.

1945 நவம்பர் 28ஆந் திகதி விடியுமுன் நிகழ்ந்த பெருநிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த கடற்கோளும் பஸ்னியைச் சிதைத்தன. 2004 திசெம்பரின் பின் இத்தகைய அழிவின் பொருளை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

அதே 2004இல் மக்ரான் கரையோரப் பெருஞ்சாலை நிறைவுற்றது. 653 கிலோமீற்றர் நீளமான இச்சாலையினால், ஒட்டகத்திற்கு வாரக்கணக்காக இருந்த வழி மோட்டார் வண்டிக்கு ஒரு பகலாகச் சுருங்கியது. இப்போது விடுமுறை நாட்களில் கராச்சியிலிருந்து வண்டித் தொடர்கள் குந்த் மலீர் கடற்கரைக்கும் ஓர்மாராவிற்கும் செல்கின்றன. பயணிகள் மணலிற் கூடாரமிட்டு இரவைக் கழிக்கின்றனர். நோயாளரை மருத்துவமனைக்கும் மீனைச் சந்தைக்கும் விரைவிற் கொண்டுசெல்ல இச்சாலை உதவுகின்றமையை மறுப்பது நேர்மையன்று. தனிமையை அழகெனப் போற்றுவது தனிமையில் வாழாதாரின் இன்பம். ஆயின் குந்த் மலீர்க் கடற்கரையைப் பற்றி எழுதுவோர் அதனை ஆளில்லாத கரையென வருணிக்கும்போது, தோவாசின் அறிக்கை மீண்டும் எழுதப்படுகின்றது. முன்னவன் மக்களைக் கண்டு இகழ்ந்தான், இவர்கள் காணவேயில்லை.

குவாதரில் நிலைமை கடுமையானது. 2002இற் சீன உதவியுடன் தொடங்கி 2007இற் திறந்துவைக்கப்பட்ட ஆழ்கடற்றுறைமுகம், தலைமுறைகளாகப் படகு இறக்கிய கிழக்கு விரிகுடாவின் ஓரத்தில் அமைந்தது. அதனைப் பெருஞ்சாலையோடு இணைக்கும் விரைவுச்சாலை கடலுக்கும் ஊருக்கும் இடையே எழுந்தபோது, படகுகள் செல்வதற்கு வழிவிடுமாறு கோரி மீனவர் 2018இன் இறுதியில் தொழிலை நிறுத்தினர். அக்கோரிக்கை பின்னர் ஏற்கப்பட்டது. 2021 நவம்பரில் தொடங்கி ஒரு மாதம்வரை நீடித்த பெரும் அமர்வுப் போராட்டத்திற் பெண்களும் ஆயிரக்கணக்கிற் கலந்துகொண்டனர். வெளியிலிருந்து வந்து அடிமடி இழுக்கும் இழுவைப் படகுகளைத் தடுக்கவேண்டும் என்பதும், தேவையற்ற சோதனைச் சாவடிகளை அகற்றவேண்டும் என்பதும் முதன்மைக் கோரிக்கைகள். எங்கிருந்து வருகின்றாய், எங்கே போகின்றாய் என்று தமது சொந்த ஊரிலேயே நாள்தோறும் வினவப்படுவது பற்றி அம்மக்கள் முறையிட்டனர். இழுவைப் படகுகளுக்கு எதிராக நமது வடபகுதி மீனவர் எழுப்பிவரும் குரலும் இதனையொத்ததே. மக்ரானில் அம்முறையீட்டைப் பதிவுசெய்தோர் இம்முறை பயணிகளல்லர். கரையிலிருந்தோரே பேசினர், எழுதினர், ஒலிபெருக்கியிற் கூறினர். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்காலச் சான்றுத் தொகுதியிலே இது புதியது. மக்ரானின் வரலாற்றை எழுத முற்படுவோர் நெயார்க்கசின் குறிப்பினை விடுத்து இதிலிருந்தே தொடங்கலாம்.